எந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் பையை விட்டீர்கள்?

எம்.ஏ. மொழியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "வாக்கியத்தில் 'தீவு' என்கிறார்களே, அது இலக்கண விதியா, இல்லை நம் ஞாபகசக்தி தடுமாறுவதன் விளைவா? சோதனை நடத்தி முடிவு கட்டிவிட்டார்கள் என்பது உண்மையா? தமிழில் வினாச்சொல் இடம் பெயர்வதில்லை, அதனால் தமிழில் தீவே கிடையாது என்று வகுப்பில் சொன்னார்கள். சென்னையில் இருந்தபடியே நான் இதைச் சோதிக்க முடியுமா?"

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

கிளாம்பாக்கம் வருவதற்கு முன்னால், வெளியூர் பஸ்ஸெல்லாம் கோயம்பேட்டில் நின்ற காலத்தில், தப்பான பஸ்ஸில் ஏறி, கிளம்பும் நேரத்தில் அவசரமாக இறங்கி, பையை மேலேயே விட்டுவிட்டேன். விசாரணை ஜன்னலில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "எந்த ஊருக்குப் போற பஸ்ல சார் பையை விட்டீங்க?" "திண்டிவனம்" என்றேன். மறுநாள் பை திரும்பி வந்தது.

அவர் கேட்டதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. நாம் தினமும் கேட்கிற மாதிரிக் கேள்விதான். இதையே ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள்: "விச் டவுன் டிட் யூ லீவ் யுவர் பேக் இன் த பஸ் தட் கோஸ் டு?" சொற்கள் எல்லாம் தெரிந்தவை, என்ன கேட்க வருகிறது என்றும் ஊகிக்கலாம். ஆனாலும் ஆங்கிலம் பேசிப் பழகிய காது இதை வாங்காது. ஆங்கிலத்தில் வினாச்சொல் தன் இடத்தை விட்டு வாக்கியத்தின் தலைக்கு வந்துவிடும். எங்கிருந்து வேண்டுமானாலும் அப்படி வர முடியாது, சில பகுதிகளுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லை. 1967-இல் எம்.ஐ.டி.யில் ஜான் ராஸ் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அந்தப் பகுதிகளுக்கு வைத்த பெயர்தான் தீவு. நாம் "போகிற" என்று பெயரெச்சத்தால் சொல்வதை ஆங்கிலம் ஒரு தனித் துணைவாக்கியமாகச் சொல்கிறதே, அது ஒரு தீவு. "வந்தானா என்று தெரியவில்லை" போன்ற மறைமுகக் கேள்வி இன்னொன்று. எழுவாயாக நிற்கும் பெரிய தொடர், "ஏனென்றால்", "போது" வகைத் துணைவாக்கியம், "அதுவும் இதுவும்" என்று சேர்த்த தொடர் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

ஏன் இப்படி என்பதில்தான் சண்டை. சாம்ஸ்கி 1973-இல் இதைப் பொதுவான ஒரு இலக்கணக் கட்டுப்பாடாக்கினார்: நகர்கிற சொல் ஒரே தாவலில் இத்தனை வேலிக்கு மேல் தாண்டக் கூடாது. குழந்தைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, தவறாகச் சொல்லித் திருத்தப்படுவதும் இல்லை, ஆகவே இது பிறவியிலேயே வருவது என்று வாதம் நீண்டது. மறுபக்கத்தில் 1993-இல் குளூண்டரும் குட்டாஸும், 2010-இல் ஹாஃப்மைஸ்டர், சாக் இருவரும் சொன்னது வேறு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பூட்டைத் திறப்பது மாதிரி என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். முன்னே வந்த வினாச்சொல்லை மனசில் சுமந்தபடியே இருக்க வேண்டும், அது ஒரு சுமை. நடுவில் புதிதாக ஒரு துணைவாக்கியத்தைத் திறக்க வேண்டும், அது இன்னொரு சுமை. தனித்தனியாக இரண்டையும் சமாளிக்கலாம், ஒரே நேரத்தில் வந்தால் குடம் விழும். விதி என்று ஒன்று இல்லை, களைப்புதான் இருக்கிறது. வெறும் "யார்" என்பதற்குப் பதில் "எந்த ஆசிரியர்" என்று கொஞ்சம் சதைப்பிடிப்பான வினாத்தொடரைப் போட்டால் தீவு வாக்கியமே சற்று மேம்படுகிறது என்று ஹாஃப்மைஸ்டர், சாக் இருவரும் காட்டியது இந்தப் பக்கத்துக்கு நல்ல பலம்.

இதைச் சோதனையால் எப்படிப் பிரிப்பது? மோசமான வாக்கியம் ஒன்றைக் காட்டி "எத்தனை மார்க்?" என்று கேட்டால் போதாது. அது நீளமாகவும் இருக்கிறது, சிக்கலாகவும் இருக்கிறது, தீவாகவும் இருக்கிறது. எதற்காக மார்க் குறைந்தது? ஜான் ஸ்ப்ரௌஸ் பரவலாக்கிய முறை இதற்குத்தான். நான்கு வாக்கியம் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றில் சுமப்பதும் இல்லை, தீவும் இல்லை. இரண்டாவதில் வினாச்சொல் தூரத்திலிருந்து வருகிறது, தீவு இல்லை. மூன்றாவதில் தீவு இருக்கிறது, அதற்குள்ளிருந்து எதுவும் வெளியே வரவில்லை. நான்காவதில் இரண்டும் உண்டு. ஒரு பேச்சுக்கு, ஏழுக்கு முதலாவது 6 வாங்குகிறது, இரண்டாவது 5, மூன்றாவது 5 என்று வையுங்கள். தூரத்தின் விலை 1, தீவின் விலை 1. கூட்டிக் கழித்தால் நான்காவது 4 வாங்க வேண்டும். 4 வாங்கினால் அங்கே தனியாகத் தீவு விளைவு என்று ஒன்றுமே இல்லை, இரண்டு சின்னக் கஷ்டம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 2 வாங்கினால்? அந்த அதிகப்படியான 2-க்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் தீவு விளைவு என்று இன்று அளப்பது அந்த மிச்சத்தைத்தான்.

ஆனால் மிச்சம் இருப்பது தெரிவதால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடாது. குடம் கதைக்காரரும் "இரண்டும் மோதுவதால்தான் அதிகப்படி" என்பார். அதனால் 2012-இல் ஸ்ப்ரௌஸ், வேகர்ஸ், பிலிப்ஸ் மூவரும் இன்னொரு படி போனார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட ஆங்கிலம் பேசுபவர்களிடம் நாலு வகைத் தீவுக்கும் மதிப்பெண் வாங்கி, அதே ஆட்களின் ஞாபகசக்தியையும் அளந்தார்கள்: சொற்பட்டியலைக் கேட்டு வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வது, வந்துகொண்டே இருக்கும் எழுத்துகளில் சில இடம் முன்னால் வந்ததே இப்போதும் வந்ததா என்று கண்டுபிடிப்பது. களைப்புதான் காரணம் என்றால் ஞாபகசக்தி கூடியவருக்கு அந்த மிச்சம் குறைய வேண்டும். அப்படிச் சொல்லும்படியான உறவு எதுவும் வரவில்லை.

"முடிவு கட்டிவிட்டார்கள்" என்று நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதே ஆண்டே ஹாஃப்மைஸ்டர், கசசாண்டோ, சாக் மூவரும் பதில் எழுதினார்கள்: நீங்கள் அளந்த ஞாபகசக்தி வாக்கியத்தைப் புரிந்துகொள்ளப் பயன்படுகிற ஞாபகசக்திதானா? பட்டியலை ஒப்பிப்பதும் வாக்கியத்தைப் பிரிப்பதும் ஒரே வேலையா? நியாயமான கேள்வி. என் கணக்கில் 2012 கட்டுரை கொன்றது எளிமையான களைப்புக் கதையை மட்டும்தான். மற்ற வடிவங்கள் உயிரோடு இருக்கின்றன.

மார்க் போடச் சொல்வதை விட எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது படிக்கும் நேரத்தை அளந்த சோதனைகள். ஆங்கிலத்தில் ஒரு சொல் முன்னால் வந்துவிட்டால், அது எந்த வினைக்கு உரியது என்று படிப்பவரின் மூளை பொறுமையில்லாமல் தேடும், கிடைத்த முதல் வினையிலேயே ஒட்டிப் பார்க்கும். 1996-இல் டிராக்ஸ்லரும் பிக்கரிங்கும் கண் அசைவை வைத்து இதைக் காட்டினார்கள். முன்னால் "நகரம்" வந்து, பிறகு "ஆசிரியர் எழுதினார்" என்று வந்தால், அந்த "எழுதினார்" மேல் கண் ஒரு கணம் தடுக்குகிறது, ஏனென்றால் நகரத்தை யாரும் எழுத முடியாது. "புத்தகம்" வந்திருந்தால் தடுக்கல் இல்லை. வாக்கியம் கடைசியில் "அந்த நகரத்தைப் பற்றி எழுதினார்" என்று சரியாகவே முடிகிறது, மூளைதான் அவசரப்பட்டுவிட்டது. சரி, அதே "எழுதினார்" ஒரு தீவுக்குள் இருந்தால்? தடுக்கல் காணாமல் போகிறது. மூளை அங்கே ஒட்டிப் பார்க்கவே இல்லை. 1986-இல் லாரி ஸ்டோவும் வேறு வழியில், எழுவாய்த் தொடருக்குள், இதையே கண்டிருந்தார். முயன்று தோற்றது மாதிரித் தெரியவில்லை, அந்த வாசலைத் தட்டவே இல்லை என்பது மாதிரி இருக்கிறது. களைப்பு என்றால் தட்டிப் பார்த்த தடயமாவது இருக்க வேண்டாமா? "களைப்பாக இருக்கும் என்று தெரிந்தே தட்டாமல் விட்டது" என்று எதிர்த்தரப்பு சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். விடுங்கள்.

இன்னொரு சங்கடம், தீவு எல்லாம் ஒரே ஜாதி இல்லை. நார்வேஜிய மொழியில் குஷ், லோண்டால், ஸ்ப்ரௌஸ் 2018-இலும் 2019-இலும் வெளியிட்ட சோதனைகளில், மறைமுகக் கேள்விக்குள்ளிருந்து வினாச்சொல்லை வெளியே எடுத்தால் ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறியது. அதே இடத்திலிருந்து பேசுபொருளை முன்னால் கொண்டுவந்தால் பெரிய தடை தெரியவில்லை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுவாய்த் தீவைச் சோதித்த அபேயும் கூட்டாளிகளும் 2020-இல் சொன்னது: கேள்வி கேட்டால் தடுக்கிறது, பெயரை விளக்கும் துணைவாக்கியமாக்கினால் தடுப்பதில்லை. அப்படியானால் வேலி இலக்கணத்தில் மட்டும் இல்லை, எதை முன்னிறுத்திப் பேசுகிறோம் என்பதிலும் இருக்கிறது. அப்புறம் பழக்கம். ஒரே வகைத் தீவு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் காது பழகி மார்க் ஏறுகிறது என்று 2000-இல் ஸ்னைடர் எழுதினார். பின்னால் ஸ்ப்ரௌஸ் செய்து பார்த்தபோது அது வரவில்லை. மொழியியல்காரர்களுக்குத்தான் அந்த வியாதி நிச்சயம் உண்டு. நாள் முழுக்க இந்த வாக்கியங்களோடு இருந்தால் சாயங்காலம் எல்லாமே சரியாகப் படும். அதனால்தான் வெளி ஆட்களிடம் கேட்கிறோம்.

இப்போது தமிழ்.

"தமிழில் வினாச்சொல் நகர்வதில்லை, அதனால் தீவு இல்லை." பாதி சரி. கோயம்பேட்டுக்காரர் கேட்டதில் "எந்த ஊருக்கு" பெயரெச்சத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, எங்கும் போகவில்லை. "யார் எழுதிய புத்தகம் வேணும்?", "யார் வந்ததால நீ கிளம்பிட்ட?" எல்லாம் அப்படியே. நகராததற்கு வேலி எதற்கு? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது இரண்டு தரப்புக்கும் சாதகம். இலக்கணக்காரர் "நகரவில்லை, விதி மீறவில்லை" என்பார். குடம் கதைக்காரர் "சுமக்கவில்லை, களைப்பில்லை" என்பார். ஆக இந்த வாக்கியங்களை எத்தனை பேரிடம் சோதித்தாலும் எதையும் தீர்க்க முடியாது. உங்கள் ஆய்வேட்டை இதில் செலவழிக்காதீர்கள்.

தீர்க்கக்கூடிய இடம் "ஏன்". "ஏன் லேட்டா வந்த பஸ்ல ஏறினீங்க?" என்று கேட்டால், ஏறியதற்குக் காரணம் கேட்கிறார்கள். பஸ் லேட்டானதற்குக் காரணம் கேட்பதாக எவ்வளவு முயன்றாலும் காதில் விழாது. "டயர் பஞ்சர்" என்று பதில் சொன்னால் எதிராளி முழிப்பார். "எந்த ஊருக்கு", "யார்", "எதை" எல்லாம் பெயரெச்சத்துக்குள்ளிருந்து மொத்த வாக்கியத்தையும் கேள்வியாக்குகின்றன, "ஏன்" மட்டும் முடியாமல் நிற்கிறது. இங்கே எதுவும் நகரவும் இல்லை, எதையும் சுமக்கவும் இல்லை. சீன மொழியில் இதே வித்தியாசத்தை 1982-இல் ஜேம்ஸ் ஹுவாங் எடுத்துக்காட்டினார். சொல் இருந்த இடத்திலேயே ஒலித்தாலும் அர்த்தத்தில் வாக்கியத்தின் தலைக்கு நகர்கிறது, அதாவது கண்ணுக்குத் தெரியாத நகர்வு உண்டு என்ற எண்ணம் வலுப்பெற்றது அங்கேதான். "ஏன்" என்பதை எடுத்துவிட்டு "எதனால்", "எதுக்காக" என்று போட்டால் கொஞ்சம் இளகுகிறது என்று என் காது சொல்கிறது: "எதனால பழுதான பஸ்ஸை இழுத்துட்டுப் போனாங்க?" உங்கள் காது என்ன சொல்கிறதோ. என் ஒரு காதை வைத்துக் கட்டுரை எழுதக் கூடாது என்பதால்தான் சோதனையே.

பாதி சரி என்றேனே, மறுபாதி: தமிழிலும் நகர்த்தலாம். "நீ பார்த்தது யாரை?" என்று வினையைப் பெயராக்கிக் கேள்வியைக் கடைசியில் வைப்போம். இப்போது பையையும் பஸ்ஸையும் வைத்து நாலு வாக்கியம்:

"பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று சொன்னார்கள்?"
"பஸ் போகிறது என்று அவர்கள் சொன்னது எந்த ஊருக்கு?"
"எந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் பையை விட்டீர்கள்?"
"போகிற பஸ்ஸில் நீங்கள் பையை விட்டது எந்த ஊருக்கு?"

முதல் மூன்றும் நிற்கின்றன, இரண்டாவது கொஞ்சம் பேப்பர்த் தமிழ் என்றாலும். நாலாவதை என் வீட்டில் சத்தமாகச் சொன்னேன். "ஓடுற பஸ்லயா விட்ட?" என்றார்கள். ராஸ் சொன்ன வேலி நம் ஊரிலும் இருக்கிறது, தாண்டிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஆனால் அந்தப் பதிலிலேயே ஒரு எச்சரிக்கையும் உண்டு. "போகிற பஸ்" என்பது தனியாகவே அர்த்தமுள்ள தொடர், கேட்பவர் தப்பான பாதையில் போய்விடுகிறார். மார்க் குறைந்தால் தீவாலா, தப்பான பாதையாலா? அதனால் தனியே நின்றால் அர்த்தம் முழுமையாகாத பெயரெச்சங்களாகப் பொறுக்கி எடுங்கள். இதில் ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

சரியாக எதிர்ப்பக்கத்தில் ஒரு முள் இருக்கிறது. "ஆசையா வளர்த்த நாய் செத்துப்போன பையன்." கேட்க எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் வளர்த்தது அந்தப் பையன், அவன் "வளர்த்த நாய்" என்ற பெயரெச்சத் தொடருக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கிறான்! ஜப்பானிய மொழியில் இதே மாதிரி நாயும் பையனும் வைத்த உதாரணத்தை குனோ 1973-இலேயே பேசினார். வெளியே வரவில்லை, உள்ளே சொல்லாமல் விட்ட "அவன்" இருக்கிறது, "பையன்" மொத்தத்துக்கும் பேசுபொருள் என்று விளக்கலாம். "மீன் பொரிக்கிற வாசனை" என்கிறோமே, அதில் வாசனை எந்த இடத்தையும் காலி செய்துவிட்டு வரவில்லை. பெயரெச்சம் எந்தப் பெயரைக் கொண்டு முடியும் என்று நன்னூல் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறு சொல்லிவைத்தது. பேச்சுத்தமிழ் அந்த ஆறைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஆகவே பெயரெச்சம் கொண்டு முடியும் பெயரை வைத்து நகர்வைச் சோதிக்காதீர்கள். "விட்டது எந்த ஊருக்கு" வகையோடு நில்லுங்கள், அங்கே வேற்றுமை உருபு கூடவே வருவதால் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பிடிக்கலாம்.

சென்னையில் எப்படிச் செய்வது? முதல் எதிரி எழுத்துத்தமிழ். நான் ஒரு முறை வாக்கியங்களை அச்சடித்துக் குடியிருப்பில் கொடுத்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒற்று விட்டுப்போன இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டு, மார்க்கையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுத்தார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 35 போட்டார், பாஸ் மார்க்காம். தாளைக் கையில் கொடுத்ததும் ஆட்கள் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். அதனால் வாக்கியத்தை ஒலியாகக் கொடுங்கள், பேச்சுத்தமிழில், ஒரே குரலில், நாலாவது வாக்கியத்துக்கு மட்டும் குரல் தயங்காமல். "இது சரியான தமிழா?" என்று கேட்காதீர்கள், "யாராவது இப்படிச் சொல்லுவாங்களா?" என்று கேளுங்கள். ஏழு படி அளவு போதும், ஆனால் 1-க்கும் 7-க்கும் மாதிரி வாக்கியம் ஒவ்வொன்று முதலிலேயே கேட்க வையுங்கள். அதற்குப் பிறகும் ஒருவருடைய 4 இன்னொருவருடைய 6 ஆக இருக்கும், ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் அவரவர் சராசரியோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாலு வாக்கியம் கொண்ட கட்டுகள் எட்டு எழுதினால் மொத்தம் 32. ஒரே ஆள் ஒரு கட்டிலிருந்து ஒன்றைத்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்த்து விளையாட்டைப் புரிந்துகொள்வார். நாலு பட்டியலாகப் பிரித்தால் ஒருவருக்கு எட்டு வரும். நடுவில் சம்பந்தமில்லாத வாக்கியம் குறைந்தது பதினாறு கலந்துவிடுங்கள், அதில் பாதி நல்லது, பாதி மட்டமானது. பத்து நிமிஷ வேலை, பிசிஐபெக்ஸ் என்ற இணையவழிச் சோதனைக் கருவியில் போட்டால் போனிலேயே முடித்துவிடலாம். பள்ளியில் எந்த வழியில் படித்தார், வீட்டில் என்ன பேசுகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். நம் ஊரில் இருபது வயதுக்காரர் பலர் யோசிப்பது ஆங்கிலத்தில், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுபவர்களும் நிறைய. அவர்களை ஒதுக்க வேண்டாம், தனியாகக் குறித்து வைத்தால் அதுவே இன்னொரு அத்தியாயம்.

"ஏன்" வாக்கியங்களை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை மோசமான வாக்கியங்கள் இல்லை, ஒரு அர்த்தம் மட்டும் கிடைக்காத நல்ல வாக்கியங்கள். எல்லோரும் 7 போடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவற்றுக்குக் கேள்வியும் பதிலுமாகக் கொடுத்து, பதில் பொருந்துகிறதா என்று கேட்க வேண்டும்: "ஏன் லேட்டா வந்த பஸ்ல ஏறினீங்க?" "டயர் பஞ்சர்." பக்கத்திலேயே "எதனால" வைத்த ஜோடி. முதல் சுற்றுக்கு இருபது பேர் போதும். ஆனால் யாரையும் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்காதீர்கள், உண்மையாகவே பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.